நான்கு முடிச்சு

புவனேந்திரன் இதுவரை இருநூற்றுப் பதினோரு டிரைவர்களின் காலைப் பற்றித் தீர்ப்பு எழுதியிருந்தார். அதில் ஒரு காலைக்கூட அவர் கண்ணால் பார்த்தது கிடையாது. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. வேழம் மோட்டார்ஸ் விற்கிற ஆட்டோ கியர் கார் ஒவ்வொன்றும், தன்னை ஓட்டுகிறவர் எப்போது அமுக்கினார், எப்போது எடுத்தார், எங்கே தயங்கினார் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளும். அதைக் கூட்டிக் கழித்து நூற்றுக்கு இத்தனை என்று ‘கால் மதிப்பெண்’ ஒன்றும் போடும். சட்டம் அதை ஏற்றுக்கொண்டு நாலு வருஷமாகிறது. மதிப்பெண் நாற்பதுக்குக் கீழே போனால் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிற உரிமை போய்விடும். மலைச் சான்று என்று அதற்குப் பெயர். அதைப் பறிப்பதற்கு முன்னால் கம்பெனியின் ஆய்வாளர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துதான் புவனேந்திரனுக்கு உத்தியோகம். சென்னையில் குளுகுளு அறையில் உட்கார்ந்து, ஒரு கையில் காப்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போட்டுவிடலாம்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆள்தான் வம்பு. கொல்லிமலையில் செம்மேட்டைச் சேர்ந்த ஜீவிதா, வாடகைக் கார் ஓட்டுகிறவள், மதிப்பெண் முப்பத்தொன்று. வருகிற வியாழக்கிழமை அவளுடைய மலைச் சான்று ரத்தாக வேண்டும். அவள் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தாள்: ‘என் காலைப் பற்றி எழுதுகிற சார், ஒரு தடவை என் வண்டியில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் எழுதட்டும்.’ ஓட்டுநர் கேட்டால் நேரில் போய்ப் பார்த்தே தீர வேண்டும் என்று விதியில் ஏதோ ஒரு மூலையில் இருக்கிறது. யாரும் எட்டிப் பார்க்காத மூலை. இவள் மட்டும் அதைப் படித்துத் தொலைத்திருக்கிறாளே என்று அலுத்துக்கொண்டே செவ்வாய்க்கிழமை காலை நாமக்கல்லில் வந்து இறங்கினார்.

மலையடிவாரத்தில், காரவள்ளிக்குப் போகிற சாலையோரம், சலீம் என்பவரின் ஒர்க்‌ஷாப். அங்கேதான் வரச் சொல்லியிருந்தாள். சுடிதாருக்கு மேலே காக்கிச் சட்டை, தலையில் தொப்பி, முப்பத்தைந்து வயதிருக்கும். வணக்கம் சொன்ன கையோடு முன்கதவைத் திறந்து விட்டாள்.

“உக்காருங்க சார். டீயெல்லாம் வந்து குடிச்சுக்கலாம். மொதல்ல வண்டியப் பாத்துருங்க.”

கார் கிளம்பியது. கிளம்பியது என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை, அப்புறம் அடியிலிருந்து ஓர் உதறல், அப்புறம்தான் நகர்ந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவில் முதல் ஐந்தை ஏறி இறங்கினார்கள். வளைவுக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அவள் கால் ஆக்சிலேட்டரைத் தொட்டது, உடனே விட்டது, ஒரு மூச்சு பொறுத்தது, பிறகுதான் அமுக்கியது. புவனேந்திரனின் கையிலிருந்த தொடுதிரைப் பலகை அதை ஒவ்வொன்றாக எண்ணியது. ‘தடுமாற்றம்’ என்பது அதன் பெயர். பதினாலு மாதத்தில் பதினெட்டாயிரத்து நானூற்று ஆறு தடுமாற்றம். இப்போது இன்னும் இருபது சேர்ந்தது.

“ஏம்மா இப்படி விட்டு விட்டு அமுக்கறீங்க?” என்று கேட்டார். “அழுத்தமா ஒரே தடவையா மிதிக்கலாமே.”

“அப்படிங்களா? அப்ப நீங்களே ஓட்டுங்க சார்.”

சொல்லிவிட்டு வண்டியை அடிவாரத்துச் சமதரையில் நிறுத்தி, இறங்கி, சாவியை நீட்டிவிட்டாள். புவனேந்திரன் ஒன்றும் ஓட்டத் தெரியாதவரல்ல. ஆபீஸ் காரில் அவர் கால் தொண்ணூற்றொன்று வாங்கிய கால். அதைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. உட்கார்ந்தார். மிதித்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, முன்னால் பாய்ந்து, திணறி, மறுபடி பாய்ந்தது. முதல் வளைவைத் தாண்டுவதற்குள் வேர்த்துவிட்டது. இரண்டாவது வளைவில் கியர் விழாமல் வண்டி பின்னால் ஒரு முழம் உருண்டது. பக்கத்தில் ஜீவிதா ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பலகை அவர் காலுக்குப் பத்தொன்பது போட்டது.

“பத்தொம்பதா? சார், அப்ப உங்களுக்கும் மலைச் சான்று கிடையாதுங்க” என்றாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது. தொண்ணூற்றொன்று வாங்குகிற கால் இந்த வண்டியில் பத்தொன்பது வாங்குகிறது. முப்பத்தொன்று வாங்குகிற கால் இதே வண்டியை ஒரு மூட்டை முட்டையை வைத்துக்கொண்டு ஏறுகிற மாதிரி ஏற்றிவிடுகிறது. கணக்கு எங்கேயோ உதைக்கிறது. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு வேலையில் சுவாரசியம் தட்டியது.

ஒர்க்‌ஷாப்பில் சலீம் காத்திருந்தார். ஐம்பது வயது, கைமுட்டி வரை கிரீஸ். கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“ரெண்டு கிளட்ச் மாத்தியாச்சு சார். புது கிளட்ச் போட்டு ஆறே மாசத்துல கருகிப் போவுது. பிளேட்டப் பாத்தீங்கன்னா அடுப்புல வச்ச மாதிரி இருக்கும். ஆட்டோ கியர்னா என்னமோ மாயம்னு ஜனங்க நினைக்குது. உள்ள இருக்கறது அதே பழைய கிளட்ச், அதே பழைய கியர். காலால மிதிக்கறதுக்குப் பதிலா ஒரு மோட்டார் மிதிக்குது, அவ்வளவுதான். கால் நம்ம கால் இல்ல, மிஷின் கால். அந்தக் கால்தான் எங்கயோ தப்பா மிதிக்குது.”

“அது தப்பா மிதிக்காதுங்க பாய். அது முதல் நாளே கத்துக்கும்” என்றார் புவனேந்திரன்.

“எப்படிக் கத்துக்கும்?” என்று கேட்டாள் ஜீவிதா. “எனக்கு இதப் பத்தி யாருமே சொன்னதில்லீங்க.”

புவனேந்திரனுக்கு விளக்கம் சொல்லப் பிடிக்கும். பெஞ்சில் நன்றாக உட்கார்ந்துகொண்டார். “புது வண்டி ஷோரூமைவிட்டு வெளிய வரும்போது முதல் முதலா நகருது பாருங்க, அந்தப் பதினோரு நொடி. சமதரையில இந்த வண்டிய நகர்த்த எவ்வளவு தள்ளணும், கிளட்ச் எந்த இடத்துல பிடிக்குதுன்னு அந்தப் பதினோரு நொடியில மிஷின் தெரிஞ்சுக்கும். அதுக்குப் பேரு பிறவிக் குறிப்பு. ஆயுசுக்கும் அந்தக் கணக்கை வச்சுத்தான் கிளட்ச்சைப் பிடிக்கும், விடும். யாரும் அதைத் தொட முடியாதபடி முத்திரை வச்சிருக்கோம். இல்லேன்னா ஆளாளுக்குத் திருத்தி மதிப்பெண்ணை ஏத்திக்குவாங்க.”

“அந்த முத்திரையக் கண்டுபிடிச்ச மகராசன் யாருங்க?” என்றார் சலீம்.

“நான்தான்” என்றார் புவனேந்திரன்.

சலீம் எழுந்து டீ சொல்லப் போனார்.

பலகையில் ஜீவிதாவின் பிறவிக் குறிப்பைத் திறந்தார் புவனேந்திரன். அவருக்கு மனப்பாடமான படம் அது. கோடு ஏறி ஏறிப் போய், சின்னதாக ஒரு மேடு, சரிவு, இன்னொரு மேடு, சரிவு, அப்படி நான்கு. அவர்தான் அதற்கு ‘நான்கு முடிச்சு’ என்று பெயர் வைத்தார். மோசமான மதிப்பெண் வாங்குகிற டிரைவர்களில் பெரும்பாலோருடைய வண்டியில் முதல் நாளே இந்த நான்கு முடிச்சு இருப்பதைக் கண்டுபிடித்தவரும் அவரே. பிறந்த நாளன்றே பதறுகிற கால், அது திருந்தாது என்று அறிக்கை எழுதி, ஆபீஸில் கைதட்டல் வாங்கினார். அதிலிருந்து நான்கு முடிச்சு உள்ள டிரைவர்களுக்கு முதல் நாளே ‘கவனம் தேவை’ என்று குறி போட்டுவிடுவது வழக்கமாயிற்று. தமிழ்நாட்டில்தான் அந்தக் குறி அதிகம். தமிழ்நாட்டுக் காலே அப்படித்தான் போலிருக்கிறது என்று கம்பெனியின் புனே ஆபீஸ்காரர்கள் கேலி பண்ணுவார்கள்.

“உங்ககிட்டயும் இதே வண்டிதானே பாய், வாசல்ல நிக்குதே?”

“ஆமா. அம்மிணியும் நானும் ஒரே வாரத்துல, ஒரே ஷோரூம்ல எடுத்தோம். என்ற வண்டி பூ மாதிரி போவும்.”

சலீம் வண்டியின் குறிப்பைத் திறந்தார். முடிச்சே இல்லை. வழவழவென்று ஒரே கோடு. புவனேந்திரன் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே ஷோரூம், ஒரே வாசல், ஒரே சிமென்ட் தரை.

“பாய், வண்டி எடுத்த அன்னிக்கு என்ன பண்ணுனீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“என்ன பண்ணுவாங்க? பிஸ்மில்லா சொல்லி ஏறி உக்காந்தேன். வந்தேன்.”

“நீங்கம்மா?”

“நானுங்களா? மாலை போட்டு, பொட்டு வச்சு, சூடம் காட்டி, பூசணிக்கா ஒடச்சு, எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி எறக்கி…”

அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். புவனேந்திரன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“எத்தனை பழம்?”

“நாலுங்க. டயருக்கு ஒண்ணு.”

புவனேந்திரன் தன் நெற்றியில் தானே ஒன்று போட்டுக்கொண்டார். தெரியாத விஷயமா இது? அவர் வீட்டில் ஸ்கூட்டருக்கே இரண்டு பழம் நசுக்கியிருக்கிறார்கள். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, தெருவெல்லாம் நசுங்கிக் கிடக்கிற பழத்தை மிதிக்காமல் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனார். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் கோடாக வந்தபோது தெரியவில்லை. நாலு வருஷமாக எலுமிச்சம்பழத்தைப் பார்த்து டிரைவரின் கால் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

பக்கத்துக் கடையிலிருந்து சலீமே போய்ப் பழம் வாங்கி வந்தார். சலீமின் வண்டியில் அளவுக் கருவியை மட்டும் மாட்டி, பழத்தின் மேல் நகர்த்திப் பார்த்தார்கள். முன்சக்கரத்துப் பழம் இரண்டும், பின்சக்கரத்துப் பழம் இரண்டும், ஒன்றுக்கொன்று இம்மி முன்னே பின்னே நசுங்கின. திரையில் நான்கு முடிச்சு, அச்சு அசலாக.

“பழம் நசுங்கறதுக்கு முன்னாடி சக்கரத்துக்கு ஆப்பு வச்ச மாதிரி நிக்குது” என்றார் புவனேந்திரன், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. “சமதரையில நகரவே இவ்வளவு தள்ளணும் போலன்னு மிஷின் மனசுல பதிஞ்சுபோச்சு. நாலு மடங்கு. அதனால கிளட்ச்சை லேட்டாப் பிடிக்குது, முரட்டுத்தனமாப் பிடிக்குது. மேடு வந்தா பாதிப் பிடியிலயே தேய்ச்சுக்கிட்டு நிக்குது. நீங்க ரெண்டு என்ன, இருபது கிளட்ச் மாத்தினாலும் கருகத்தான் செய்யும்.”

“அப்ப என்ற கால் மேல தப்பில்லீங்களே?” என்றாள் ஜீவிதா. “பதினாலு மாசமா நான் அழுவாத நாளில்லீங்க சார். எனக்கு ஓட்டத் தெரியலயோ, தெரியலயோன்னு.”

“இல்லம்மா. உங்க மேல தப்பே இல்ல.”

இதைச் சொல்லும்போது அவருக்கு இருநூற்றுப் பதினோரு பேர் ஞாபகம் வந்தது. முகம் தெரியாது; பெயர் மட்டும் தெரியும். ஏற்காட்டில் ஒருவர், குன்னூரில் மூன்று பேர், வால்பாறையில் ஒரே குடும்பத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர்.

துறைத் தலைவி சுபத்ராவுக்குப் போன் போட்டார். கையெல்லாம் எலுமிச்சைச் சாறும் கிரீஸும் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு அந்தம்மாள் வாய்விட்டுச் சிரித்தார்.

“பிரமாதம் புவனேந்திரன்! எலுமிச்சம்பழமா! ஒரு நிமிஷம் இருங்க.” தாள் புரட்டும் சத்தம் கேட்டது. “கையேட்டுல நூத்து நாப்பத்து மூணாம் பக்கம். ‘முதல் நகர்வின்போது சக்கரங்களின் அடியில் எப்பொருளும் இருத்தலாகாது.’ தெளிவாப் போட்டிருக்கோம். அப்ப இது வாடிக்கையாளர் செஞ்ச தப்பு. நம்ம தீர்ப்பு எதையும் மாத்த வேண்டியதில்ல. நல்லவேளை.”

கேள்விக்கு விடை கிடைத்தால் நியாயமும் கூடவே கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தார் புவனேந்திரன்.

ஜீவிதா தன் போனை எடுத்து, எதையோ தேடி, அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். வண்டி எடுத்த நாளில் ஷோரூமிலேயே எடுத்துக் கொடுத்த படம். பெரிய அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டு ஜீவிதா நிற்கிறாள். கீழே, வேழம் மோட்டார்ஸ் பனியன் போட்ட ஒரு பெண் மண்டியிட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் தாம்பாளம்; அதில் யானைச் சின்னம் அச்சடித்த பெட்டி.

“பழங்கூட நாங்க வாங்கலீங்க மேடம்” என்றாள் ஜீவிதா, போனைப் பார்த்து. “உங்காளுகதான் பெட்டியோட கொண்டாந்து வச்சாங்க. நாலு பழம், சூடம், குங்குமம், எல்லாம் அதுக்குள்ளயே. பெட்டி மேல ‘வேழம் குடும்பத்துக்கு நல்வரவு’ன்னு போட்டிருந்துச்சு. சலீமண்ணனுக்கும் நீட்டுனாங்க, அவரு வேண்டாம்னுட்டாரு. வேணும்னா உங்க கம்பெனியோட இன்டர்நெட் பக்கத்துல பாருங்க. எல்லார் படமும் அங்க இருக்குது.”

தமிழ்நாட்டு வாடிக்கையாளர்கள் மனம் குளிர வேண்டும் என்று விற்பனைப் பிரிவில் யாரோ யோசித்துச் செய்த பெட்டி. கையேடு எழுதியவர்களுக்கு அது தெரியாது. இரண்டு பிரிவும் ஒரே கட்டடத்தில், ஒன்றுக்கு மேல் ஒன்று.

“சரி” என்றார் சுபத்ரா கடைசியில். கெட்டவரல்ல; வேலையில் கெட்டி. “தப்பு தெரிஞ்சுபோச்சுன்னா ஒரு நாளுக்குள்ள சரி பண்ணணும், அது சட்டம். அந்த வண்டிக்கு முத்திரையைத் திறந்து புதுசா கத்துக்க வைங்க. மலையில ஒரு சோதனை ஓட்டம் போட்டு மதிப்பெண் அனுப்புங்க. நல்லா வந்துச்சுன்னா ராத்திரியே எல்லா வண்டிக்கும் இங்கிருந்தே பழைய கணக்கை அழிச்சுடறோம். காலையில முதல் தடவை நகர்ந்ததும் சரியாக் கத்துக்கும்.”

சலீம் அல்லாவுக்கு நன்றி சொன்னார். ஜீவிதா முந்தானை இல்லாத குறைக்குத் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முத்திரையைத் திறக்கிற சாவி ஆய்வாளரிடம் மட்டும்தான் உண்டு. திறந்தாலும் எண்ணைக் கையால் எழுத முடியாது. வண்டியே நகர்ந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். ஒர்க்‌ஷாப்பைப் பெருக்கிவிட்டு, ஒரு கல்கூட இல்லாமல் பார்த்து, ஜீவிதா வண்டியை நகர்த்தினாள். பதினோரு நொடி. வழவழவென்று ஒரே கோடு.

“இனி ராணி மாதிரி ஓட்டுங்க” என்றபடி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார் புவனேந்திரன்.

அவள் கால் தொட்டது. வண்டி உடனே நகர்ந்துவிட்டது. அவள் விட்டாள்; தளர்ந்தது. ஒரு மூச்சு பொறுத்து அமுக்கினாள், பாய்ந்தது. “அய்யோ, என்னங்க இது” என்று சிரித்தாள். சமதரையில் அது விளையாட்டாக இருந்தது. முதல் வளைவில் சிரிப்பு நின்றது. இரண்டாவது வளைவில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவது வளைவில் மேலேயிருந்து பஸ் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு வழி விட ஒதுங்கினாள். பதினாலு மாதமாகக் காலுக்குள் ஊறிப்போனதை, தொட்டு, விட்டு, பொறுத்து, அழுத்தி அமுக்குவதை, கால் அவளைக் கேட்காமலே செய்தது. வண்டி எகிறிக்கொண்டு தடுப்புச் சுவரைப் பார்த்துப் போயிற்று. பிரேக்கில் ஏறி நின்றாள். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் தலை தெரிந்தது.

பஸ்ஸில் வந்தவர்கள் திட்டிக்கொண்டே போனார்கள். பலகை மதிப்பெண் போட்டது: இருபத்திரண்டு.

இந்தத் தடவை பலகை சொன்னது நிஜம். வண்டி சரியாக இருந்தது. அவளுடைய கால்தான் இப்போது தப்பு.

“மிஷின் பதினோரு நொடியில மாறிக்கிச்சு” என்றார் புவனேந்திரன் மெல்ல. “அந்தத் தடுமாற்றமெல்லாம் தடுமாற்றமே இல்ல. மிஷினோட தப்புக்கு ஏத்த மாதிரி உங்க காலு தன்னை மாத்திக்கிட்டது. பதினெட்டாயிரம் தடவை. நான் அதைத் தப்புன்னு எண்ணிக்கிட்டு இருந்தேன்.”

“ராத்திரி எல்லாருக்கும் இப்படிப் பண்ணிருவாங்களா சார்?”

அவள் கேட்டு முடிப்பதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார். குறியோடு மலையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற எத்தனையோ பேர் நாளைக் காலையில் தெரியாத வண்டியில் ஏறி, தெரிந்த வளைவில் இறங்கப் போகிறார்கள். சுபத்ராவிடம் இருபத்திரண்டு என்ற எண்ணையும் ஒரு சாண் என்ற அளவையும் மட்டும் சொன்னார். அந்தம்மாள் இந்த முறை சிரிக்கவில்லை. “நிறுத்திடறேன்” என்றார். “ஒவ்வொரு டிரைவரா கேட்டு, அவங்க சம்மதிச்சாத்தான் மாத்தணும். ஆனா புவனேந்திரன், உங்க டிரைவரோட இருபத்திரண்டு பதிவாயிடுச்சே. வியாழக்கிழமை அந்தப் பொண்ணோட சான்றைக் காப்பாத்த என்கிட்ட வழி இல்ல.”

கீழே அவரே ஓட்டி வந்தார். திருத்திய வண்டி அவர் காலுக்கு வெண்ணெயாக வழுக்கியது. ஜீவிதா பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“இது இப்ப உங்க வண்டிங்க சார். என்ற வண்டியில்ல” என்றாள்.

“சமதரையில ரெண்டு மூணு மாசம் ஓட்டிப் பழகினா கால் மாறிடும்மா.”

“பழகிருவேன். பழக மாட்டேன்னு சொல்லலீங்க. நாளைக்குக் காலையில செம்மேட்டுல மூணு பேரு எனக்காகக் காத்திருப்பாங்க. கிட்னி போனவங்க. வாரம் ரெண்டு நாள் ரத்தம் சுத்தம் பண்ணக் கீழ கூட்டிட்டு வரோணும். திரும்பி ஏறயில அவங்களுக்கு ஒடம்பு துணியாட்டம் கெடக்கும், ஒரு குலுக்கு ஆகாது. அவங்களப் பின்னாடி வச்சுக்கிட்டா நான் பழகறது?”

பழைய எண்ணைக் கையால் எழுத வழியில்லை. எழுதினால் அது மோசடி. அந்த விதியும் புவனேந்திரன் போட்டதுதான். காரவள்ளியில் மலை ஏறுகிற இடத்துக்கு முன்னால் வாழைப்பழமும் அன்னாசியும் அடுக்கிய கடை ஒன்று இருந்தது. அதன் முன்னால் தரை சமமாக இருந்தது. அங்கே வண்டியை நிறுத்தி இறங்கினார். கடைக்காரரிடம் போய் நாலு எலுமிச்சம்பழம் கேட்டார்.

“ஒரே அளவா கொடுங்க” என்றார்.

பேன்ட் அழுக்காவதைப் பார்க்காமல் மண்டி போட்டு, நாலு டயருக்கும் ஒவ்வொன்றாக வைத்தார். முத்திரையைத் திறந்தார். ஜீவிதா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்டீரிங்குக்குப் போனாள். தொட்டாள், விட்டாள், ஒரு மூச்சு பொறுத்தாள், அமுக்கினாள். பழங்கள் நசுங்கின. திரையில் நான்கு முடிச்சு. அடுத்த அரை மணி நேரத்தில் பத்து வளைவு ஏறி இறங்கினார்கள். பின்சீட்டில் புவனேந்திரன் தண்ணீர் நிறைந்த டம்ளரைக் கையில் பிடித்திருந்தார். நாலு சொட்டுகூடச் சிந்தவில்லை. பலகை மட்டும் அதன் வழக்கப்படி தடுமாற்றம், தடுமாற்றம் என்று எண்ணிக்கொண்டே வந்தது.

வண்டி நின்றதும் அறிக்கையைத் திறந்தார். கடைசிப் பத்தியில் ஒரு கட்டம்: ‘பிசகுக்குக் காரணமானவர்.’ அதில் ஓட்டுநரின் பெயர் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். வேறு பெயர் வேண்டுமென்றால் ஆய்வாளர் தன் சாவியைப் போட்டு மாற்றலாம். நாலு வருஷத்தில் அவர் அதை மாற்றியதே இல்லை. யார் பெயர் இருக்கிறதோ, மதிப்பெண் அவர் கணக்கில் ஏறும், மற்றவர் விடுபடுவார். மெஷினுக்கு அதற்கு மேல் விவரம் தெரியாது.

‘ஜீவிதா’ என்பதை அழித்துவிட்டு ‘புவனேந்திரன்’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

பிறகு பழைய கோப்புகளைத் திறந்தார். நான்கு முடிச்சு இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் பார்த்தார். இருந்தவற்றிலெல்லாம் பெயரை மாற்றினார். ஏற்காடு. குன்னூரில் மூன்று. வால்பாறையில் அண்ணன், அப்புறம் தம்பி. ஜீவிதா டீ வாங்கி வந்து நீட்டினாள்; அது ஆறிப்போயிற்று. இன்னொன்று வாங்கி வந்தாள், அதுவும் ஆறியது. வெயில் சாய்வதற்குள் நூற்றுத் தொண்ணூற்றாறு பேர் விடுபட்டார்கள். மீதிப் பேருடைய கோடு வழவழப்பாகத்தான் இருந்தது. அவர்களை அப்படியே விட்டுவிட்டார்.

போன் அடித்தது. சுபத்ரா. “என்ன பண்ணி வச்சிருக்கீங்க புவனேந்திரன்? எல்லாக் கோப்புலயும் உங்க பேரு வருது!”

“சரியான பேரைப் போட்டேன் மேடம்” என்றார்.

போனை வைத்த கையோடு குறுஞ்செய்தி ஒன்று வந்தது. மெஷின் அனுப்பியது, அதற்கு ஆள் அடையாளம் தெரியாது. மாநிலத்திலேயே மிகக் குறைந்த கால் மதிப்பெண் பெற்ற ஓட்டுநர் என்ற முறையில் திரு. புவனேந்திரன் அவர்களின் ஓட்டுநர் உரிமம், மலையில் மட்டுமல்லாமல் எல்லாச் சாலைகளிலும், இந்த நிமிடம் முதல் ரத்து செய்யப்படுகிறது. அதற்கு முந்தைய நிமிடத்தில் ஜீவிதாவின் போனுக்கும், மலைச் சான்று ரத்தாகவில்லை என்று, ஒன்று வந்திருந்தது. அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவர் தன் செய்தியை அவளிடம் காட்டினார். அவள் படித்தாள். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, சுற்றி வந்து, முன்கதவைத் திறந்து விட்டாள்.

“ஏறுங்க சார், ரயில் ஸ்டேஷன்ல விட்டுர்றேன். பெல்ட்டப் போட்டுக்குங்க. நம்ம வண்டி கெளம்பறப்பக் கொஞ்சம் ஒதறும்.”